லாஸ் வேகாஸும் கிராண்ட் கன்யனும்: ஒன்பது பேருக்கு ஒரு பயணத் திட்டம்

முப்பத்தெட்டு ஆண்டுகள் பத்திரிகைக் காரியாலயத்தில் இரவுக் கடமை பார்த்தவனுக்கு ஒரு பழக்கம் படிந்துவிடும். எந்தச் செய்தி எவ்வளவு இடத்தைப் பிடிக்கும், எதை மேலே வைப்பது, எதை இரக்கமின்றி வெட்டுவது என்று மனம் தானாகவே கணக்குப் போடும். ஓய்வு பெற்ற பின்னர் அந்தப் பழக்கத்துக்கு வேலை இல்லாமற் போயிற்று. எனவே, 2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் குடும்பமாக அமெரிக்காவில் ஓரிடத்தில் கூடுவது என்ற பேச்சு எழுந்தபோது, திட்டமிடும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

உண்மையைச் சொல்வதானால் அந்தப் பேச்சை எழுப்பியவனும் நான்தான். அதற்கு ஒரு காரணம் இருந்தது.

எனக்கு ஒரு மகன், ஒரு மகள். மகன் ரொறன்ரோவில் இருக்கிறான். மனைவி, பதினாறு வயதில் ஒரு பையன், பன்னிரண்டு வயதில் ஒரு பெண் என்று அவனுடைய குடும்பம். மகள் லொஸ் ஏஞ்சலிசுக்கு அண்மையில், கணவருடனும் ஒன்பது வயதுப் பையனுடனும் வாழ்கிறாள். நானும் என் துணைவியாரும் வெள்ளவத்தையில். வலிகாமம் வடக்கில் எங்களுக்குப் பன்னிரண்டு பரப்புக் காணி உண்டு. 1990இல் இடம்பெயர்ந்து, போர் முடிந்து பல ஆண்டுகளின் பின்னர் திரும்பக் கிடைத்த காணி. கூரையற்ற நான்கு சுவர்களும் ஒரு கிணறும் மட்டுமே மிச்சம். அதை விற்றுவிட வேண்டும் என்றான் மகன். விற்கவே கூடாது என்றாள் மகள். 2021இல் தொடங்கிய அந்த வாக்குவாதம் இருவரும் பேசாமல் விடுவதில் முடிந்தது. அதன் பின்னர் அண்ணனும் தங்கையும் ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டியதைத் தாயார் மூலமாகவே சொல்லி வந்தார்கள். எங்களுக்கும் வயது ஏறிக்கொண்டிருந்தது. ஒரே வாகனத்தில் ஆறு நாட்கள் இருவரையும் இருத்திவிட்டால் என்ன நடக்கிறதென்று பார்ப்போமே என்று நினைத்தேன்.

இடம் எது என்பதில் முதலாவது சிக்கல். ரொறன்ரோவுக்கு மகள் வரமாட்டாள். மகளின் வீட்டுக்கு மகன் போகமாட்டான். இருவருக்கும் பொதுவான மண்ணாக லாஸ் வேகாஸ் அகப்பட்டது. ரொறன்ரோவிலிருந்து நேரடி விமானம் உண்டு. லொஸ் ஏஞ்சலிசிலிருந்து வீதி வழியாக ஏறக்குறைய 270 மைல். மகனின் பிள்ளைகளுக்கு அந்த நகரத்தின் பெயரைக் கேட்டதுமே கொண்டாட்டம். மகள் மட்டும், "சூதாடுகிற ஊருக்குச் சின்னப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லுறியளோ அப்பா? கன்யன் பார்க்கிறதெண்டால் வாறன்" என்றாள். மகனோ, "பள்ளத்தைப் பார்க்க எத்தனை நாள் வேணும்? ஒரு நாள் காணும்" என்றான். இருவரும் என்னிடமே சொன்னார்கள். ஒருவர் சொன்னதை மற்றவரிடம் எடுத்துச் செல்லும்போது ஓரங்களைச் செப்பனிட்டே கொண்டு சென்றேன். உதவி ஆசிரியனாக இருந்தவனுக்கு அது பெரிய காரியமில்லை.

இனி, இப்படியொரு பயணத்துக்கு ஆயத்தமாகும் அன்பர்களுக்குப் பயன்படக்கூடும் என்பதால் எங்கள் கணக்குகளைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

லாஸ் வேகாஸுக்குப் பக்கத்திலேயே கிராண்ட் கன்யன் இருக்கிறதென்று நம்மவர் பலர் எண்ணுகின்றனர். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். அந்தப் பள்ளத்தாக்கின் நீளம் 277 மைல். எந்தக் கரையிலிருந்து பார்க்கப் போகிறோம் என்பதிலேயே எல்லாம் தங்கியிருக்கிறது. இரண்டரை மணித்தியாலத்தில் போய்ச் சேரக்கூடியது மேற்குப் பகுதி. அது தேசியப் பூங்காவுக்கு வெளியே, ஹுவாலபாய் பழங்குடியினரின் நிலத்தில் உள்ளது. 2007இல் திறக்கப்பட்ட கண்ணாடி நடைபாலம் அங்கேதான். படங்களில் நாம் காணும், ஒரு மைலுக்கு மேல் ஆழமான, அடுக்கடுக்கான பெரும் பள்ளத்தைக் காண வேண்டுமானால் தென்கரைக்குப் போக வேண்டும். அது ஏறக்குறைய 280 மைல்; நாலரை மணித்தியால ஓட்டம். போய் அன்றே திரும்பும் சுற்றுலா பஸ்களும் உண்டு. ஒன்பது மணித்தியாலம் பஸ்ஸில் இருந்துவிட்டு மூன்று மணித்தியாலம் பள்ளத்தைப் பார்ப்பது காசைக் கரியாக்கும் வேலை என்பது என் அபிப்பிராயம். வடகரையை நான் ஆரம்பத்திலேயே விலக்கிவிட்டேன். 2025 ஜூலையில் அங்கே மூண்ட காட்டுத்தீயில் பழம்பெரும் விடுதி எரிந்துபோனது. இப்போது திட்டமிடுவோர் அந்தப் பக்கத்து நிலைமையை விசாரித்துக்கொள்வது நல்லது.

அடுத்தது பருவம். பிள்ளைகளின் விடுமுறைக்கு ஏற்றபடி ஜூலையில் வைப்போம் என்றான் மகன். அந்த ஜூலை 7ஆம் திகதி லாஸ் வேகாஸில் 120 பாகை பரனைட் வெப்பம் பதிவானது. நமது கணக்கில் ஏறக்குறைய 49 பாகை செல்சியஸ். அந்த நகரம் அதுவரை கண்டிராத அளவு. நல்ல வேளையாக நான் அதற்கு முன்பே ஒக்ரோபரைப் பிடிவாதமாகக் குறித்துவிட்டிருந்தேன். கனடாவில் ஒக்ரோபரின் இரண்டாவது திங்கட்கிழமை நன்றி நவிலல் விடுமுறை. அதனோடு பாடசாலையில் நாலு நாள் லீவு எடுத்தால் போதும்.

நாட்களை அடுக்குவதில்தான் என் பக்க அமைப்பு அனுபவம் கை கொடுத்தது. லாஸ் வேகாஸ் ஹோட்டல்களில் வெள்ளி, சனி இரவுகளின் கட்டணம் வாரநாட்களைவிட மிக அதிகம். பெரிய மாநாடுகளோ காரோட்டப் போட்டிகளோ நடக்கும் வாரங்களில் அதையும் மிஞ்சும். ஆகையால் சனிக்கிழமை எல்லோரும் வந்து ஓரிரவு உறங்குவது. ஞாயிறு காலை பாலைவனத்துக்குப் புறப்படுவது. ஞாயிறும் திங்களும் தென்கரை வாசலுக்கு வெளியேயுள்ள துசாயனில். செவ்வாய் பேஜ் என்ற சிற்றூரில். புதன், வியாழன் மீண்டும் நகரத்தில் என்று வட்டமாக ஒரு பாதை போட்டேன். பள்ளத்தாக்குக்கு மூன்று இரவு, நகரத்துக்கும் மூன்று இரவு. அண்ணனும் தங்கையும் இரவுகளை எண்ணிப் பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியும். எண்ணியும் பார்த்தார்கள்.

ஹோட்டல் விலையில் ஒரு சூழ்ச்சி இருந்தது. அறைக்கு ஒரு தொகையைக் காட்டிவிட்டு, 'விடுதி வசதிக் கட்டணம்' என்று இரவுக்கு 40, 50 டொலர் பின்னர் சேர்ப்பார்கள். 2025 மே மாதம் முதல் முழுத்தொகையையும் முதலிலேயே காட்ட வேண்டும் என்று அமெரிக்க அரசு விதி செய்திருக்கிறது. நாங்கள் போனபோது அந்த விதி இல்லை; எங்கள் கணக்கில் ஓர் ஓட்டை விழுந்தது. மாறாக, தேசியப் பூங்காவின் கட்டணம் அப்போது மலிவு. வாகனம் ஒன்றுக்கு 35 டொலர், ஏழு நாட்களுக்குச் செல்லும். உள்ளே எத்தனை பேர் என்று கேட்கவில்லை. 2026 ஜனவரி முதல் அமெரிக்காவில் வதியாதோர், பதினாறு வயதும் அதற்கு மேற்பட்டோரும், கிராண்ட் கன்யன் உட்படப் பதினொரு பூங்காக்களில் தலைக்கு 100 டொலர் மேலதிகமாகக் கட்ட வேண்டும். இன்று நாங்கள் போயிருந்தால் நானும் துணைவியாரும், மகன், மருமகள், மூத்த பேரனும் என ஐந்து பேருக்கு 500 டொலர். வெளிநாட்டவருக்கென 250 டொலர் ஆண்டு அனுமதிச்சீட்டும் உண்டு. எது இலாபம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் கட்டம் போட்டு எழுதி முடித்த பிறகுதான் துணைவியார் வாய் திறந்தார். "எனக்கு முழங்கால் ஏலாது. நான் வேகாசில அறையில இருக்கிறன். நீங்கள் போட்டு வாங்கோ."

முழங்கால் வலி இருப்பது தெரியும். வீட்டுப் படிகளில் ஏறாமல் ஓராண்டாகச் சமாளித்து வருகிறார் என்பது தெரியாது. வயது எழுபத்தொன்று. அன்றிரவு என் கட்டங்களை எல்லாம் அழித்தேன். இரு பேரன்களையும் அழைத்துக்கொண்டு பிரைட் ஏஞ்சல் பாதையில் ஒன்றரை மைல் கீழே இறங்குவதென்று வைத்திருந்த காலைப்பொழுதுதான் முதலில் வெட்டுப்பட்டது. அந்தப் பாதையில் இறங்குவது இலகு. அந்த உயரத்தில், வெயிலில், திரும்பி ஏறுவதுதான் ஆளைக் கொல்லும். என் எழுபத்தைந்து வயதுக்கும் அது பொருத்தமில்லை என்று சொல்ல ஒருவரும் துணியாமல் இருந்தார்கள் போலும்.

தேடிப் பார்த்தபோது தென்கரை, நடக்க இயலாதவருக்கு இவ்வளவு இடங்கொடுக்குமா என்று வியப்படைந்தேன். விளிம்பை ஒட்டிய பாதையின் பெரும்பகுதி சக்கர நாற்காலி செல்லக்கூடியது. பூங்கா பஸ்களிலும் அதை ஏற்றலாம். ஹேர்மிட் வீதியில் மார்ச் முதல் நவம்பர் வரை தனியார் வாகனங்களை விடுவதில்லை. ஆனால் நடக்கச் சிரமப்படுவோர் இருந்தால் தனி அனுமதிப் பத்திரம் தருகிறார்கள். இதையெல்லாம் சொல்லியும் அவர் மசியவில்லை. கடைசியில் அவரை இணங்கச் செய்தது 1882இல் வெளியான ஒரு புவியியல் நூல். கிளாரன்ஸ் டட்டன் என்ற அமெரிக்க இராணுவ அதிகாரி அந்தப் பள்ளத்தாக்கை ஆராய்ந்து எழுதியபோது, நடுவே எழுந்து நிற்கும் பாறைச் சிகரங்களுக்குக் கீழைத்தேயக் கடவுளரின் பெயர்களைச் சூட்டினார். விஷ்ணு கோயில், சிவன் கோயில் என்று இன்றும் வரைபடத்தில் இருக்கின்றன. "சிவன் கோயிலோ? அங்கையோ?" என்றார். மறுநாள் மகளிடம் மடிக்கக்கூடிய சக்கர நாற்காலி ஒன்றுக்குச் சொல்லிவிட்டார்.

ஒக்ரோபர் 12ஆம் திகதி ஒன்பது பேரும் கூடினோம். பன்னிரண்டு ஆசன வான் ஒன்றை வாடகைக்கு எடுத்திருந்தோம். மகன் ஓட்டினான். மகள் மூன்றாவது வரிசையில் போய் அமர்ந்தாள். ஹூவர் அணைக்கட்டில் ஒரு மணித்தியாலம் நின்றோம். 726 அடி உயரமான அந்தக் கட்டு 1935இல் திறந்து வைக்கப்பட்டது. அதன் பின்னாலுள்ள மீட் ஏரியின் கரைப்பாறைகளில் நீர் இறங்கிப்போன அடையாளமாக வெள்ளைப் பட்டை ஒன்று அகலமாகத் தெரிந்தது. பிள்ளைகள் படம் எடுத்தார்கள். பெரியவர்கள் தத்தம் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். "அம்மா, அவையைக் கேளுங்கோ, சாப்பிட எங்க நிப்பாட்டுறது எண்டு" என்று மகன் சொல்ல, இரண்டு வரிசை பின்னால் இருந்தவளுக்குத் துணைவியார் அதைத் திருப்பிச் சொன்னார். பதினாறு வயதுப் பேரன் காதுக்குள் வைத்திருந்த கருவியைக் கழற்றிவிட்டு இவர்களை விசித்திரமாகப் பார்த்தான். எனக்கு வெட்கமாக இருந்தது.

முதற்காட்சியைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. அதை எழுதியவர்கள் போதிய அளவு இருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்தது யாவபாய் புவியியல் நூதனசாலையிலிருந்து தொடங்கும் 'காலப் பாதை'. 2010இல் அமைக்கப்பட்டது. ஒரு மீற்றர் நடந்தால் பத்து இலட்சம் ஆண்டு பின்னால் போகிறீர்கள். அந்தந்த வயதுக்கு உரிய பாறையை வழியோரத்தில் வைத்திருக்கிறார்கள், தொட்டுப் பார்க்கலாம். யாழ்ப்பாணத்தின் சுண்ணாம்புக்கல் மயோசீன் காலத்தது. நமது கிணறுகள் வெட்டப்பட்ட கல் முழுவதும் இந்தப் பாதையின் முதல் இருபத்துமூன்று மீற்றருக்குள் அடங்கிவிடும். பள்ளத்தாக்கின் விளிம்பில் நாம் கால் வைத்து நிற்கும் கல்லும் சுண்ணாம்புக்கல்தான். அதற்கு 270ஆவது மீற்றர். அடியில் கிடக்கும் மிகப் பழைய பாறைகளைக் காண ஆயிரத்தெழுநூறு மீற்றருக்கும் அப்பால் போக வேண்டும். பேரன் கைத்தொலைபேசியில் கணக்குப் போட்டு, "அப்பப்பா, உங்கட முப்பத்தெட்டு வருசம் ஒரு தலைமயிரின்ர தடிப்பும் வராது" என்றான்.

நாற்காலியை முதலில் மகன் தள்ளினான். அறுநூறாவது மீற்றரளவில் அவனுக்குக் கை உளைந்திருக்க வேண்டும்; நின்றான். மகள் ஒரு வார்த்தையும் பேசாமல் வந்து பிடியை வாங்கிக்கொண்டாள். பிறகு அவன் வாங்கினான். இப்படியே மாறி மாறி இரண்டாயிரம் மீற்றரையும் கடந்தார்கள். துணைவியார் ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டு நேரே பார்த்தபடி இருந்தார்.

மறுநாள் அனுமதிப் பத்திரத்தைக் காட்டி ஹேர்மிட் வீதியில் சென்று, ஹொப்பி முனையில் இறங்கி, சிவன் கோயிலைத் தேடிப் பிடித்தோம். கோபுரமுமில்லை, கலசமுமில்லை. தட்டையான தலையுடன் செந்நிறத்தில் ஒரு பெரிய மேடு. துணைவியார் கைகூப்பி நெடுநேரம் இருந்தார். என்ன வேண்டினார் என்று நான் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமைதான் எதிர்பாராதது நடந்தது. பேஜில் அன்ரலோப் பள்ளத்தாக்கைப் பார்க்கப் பகல் 12.15க்கு முற்பதிவு செய்து பணமும் கட்டியிருந்தோம். மணற்கல்லில் வெள்ளம் அறுத்த ஒடுக்கமான வெடிப்பு அது. நவாஹோ பழங்குடியினரின் நிலம் என்பதால் அவர்களுடைய வழிகாட்டி இன்றி எவரும் உள்ளே போக முடியாது. 1997 ஓகஸ்டில், தொலைவில் பெய்த மழையின் வெள்ளம் திடீரெனப் புகுந்து பதினொரு சுற்றுலாப் பயணிகளை அள்ளிச் சென்றது. இன்று அயலில் மழைக்குணம் இருந்தாலே உள்ளே விடமாட்டார்கள். ஆகவே வானிலையை நான் காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மழை இல்லை. நேரம்தான் காலை வாரியது.

கமரன் என்ற இடத்தைத் தாண்டும்போது மகன் தன் தொலைபேசியைப் பார்த்துத் திடுக்கிட்டான். "பதினொண்டு பத்தோ? இனி எண்பது மைல் கிடக்குது. பிந்தப்போகுது" என்று வேகத்தைக் கூட்டினான்.

பின்வரிசையிலிருந்து குரல் வந்தது. "பத்து பத்துத்தான் அண்ணா. உங்கட போன் பிழை."

"என்ர போன் எப்படிப் பிழைக்கும்? உன்ரதைப் பார்."

"என்ரதைப் பார்த்துத்தான் சொல்லுறன். மெதுவா ஓட்டுங்கோ, பிள்ளையள் இருக்குதுகள்."

மூன்றாண்டுகளின் பின்னர் அவர்கள் நேருக்கு நேர் பேசிய முதல் வார்த்தைகள் இவை.

விடயம் இதுதான். கோடையில் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்தள்ளும் வழக்கம் அரிசோனா மாநிலத்தில் இல்லை. அதே மாநிலத்துக்குள் இருக்கும் நவாஹோ நிலத்தில் உண்டு. நவாஹோ நிலத்தின் நடுவே இருக்கும் ஹொப்பி இனத்தவரின் நிலத்தில் மீண்டும் இல்லை. வீதி இந்த எல்லைகளுக்குள் புகும்போது, எந்தக் கோபுரத்தின் அலை கிடைக்கிறதோ அதற்கேற்பத் தொலைபேசி மணி காட்டும். பேஜ் ஊரும் அங்குள்ள வழிகாட்டிகளும் அரிசோனா நேரத்தையே பின்பற்றுகின்றனர். மகள் சொன்னதே சரி. இது என் குறிப்புப் புத்தகத்தின் நான்காம் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதப்பட்டு என் சட்டைப்பையில் இருந்தது. நான் அதை வெளியே எடுக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன். இருபது மைல் தூரத்துக்கு அண்ணனும் தங்கையும் மணி எத்தனை என்று வாதாடிக்கொண்டு வந்தார்கள். இடையே மருமகனும் மருமகளும் கட்சி சேர்ந்தார்கள். கடைசியில் பேரன் வரைபடத்தைப் பார்த்து விளக்கம் சொன்னதும், "சரி, நீ சொன்னதுதான்" என்றான் மகன்.

நாங்கள் எடுத்தது கீழ் அன்ரலோப். செங்குத்தான இரும்பு ஏணிகள் உண்டு. ஆகவே ஏழு பேர் இறங்கினார்கள். நாங்கள் இருவரும் நிழலில் இருந்தோம். மேல் அன்ரலோப் சமதரையாயிற்றே, அதை எடுத்திருந்தால் அம்மாவும் வந்திருக்கலாமே என்று மகள் முன்பே கேட்டிருந்தாள். கீழ்ப்பகுதியைத் தெரிவு செய்தது துணைவியார். ஏன் என்று அப்போது கேட்டேன். "நீங்கள் ஒன்பது பேரையும் ஒண்டா வைச்சிருக்கப் பாக்கிறியள். நான் பக்கத்தில இருந்தால் ரெண்டும் என்னட்டைத்தான் கதைக்குங்கள். நான் இல்லாத இடமாப் பார்த்து விடவேணும்" என்றார். ஆறுமாதம் கட்டம் போட்டவனுக்கு இது தோன்றவில்லை.

உள்ளே நடந்ததைப் பேரன் சொல்லித்தான் அறிந்தேன். "மாமி ஏணியில பயந்து நிண்டிட்டா. அப்பா கீழ நிண்டு அவவின்ர காலைப் பிடிச்சு ஒவ்வொரு படியா வைச்சு இறக்கினார்."

லாஸ் வேகாஸைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு விருப்பமில்லை. இருபத்தொரு வயதுக்குக் குறைந்தவர்கள் சூதாட்ட மேசைகளின் அருகே நிற்க முடியாது, கடந்து போகலாம். பிள்ளைகளோடு போவோர் இதை அறிந்திருந்தால் போதும். பேத்தி, பழைய பட்டியல் ஒன்றைப் பார்த்து மிராஜ் ஹோட்டலின் செயற்கை எரிமலையைக் கேட்டாள். அந்த ஹோட்டல் 2024 ஜூலையில் மூடப்பட்டுவிட்டது. 1957இல் திறந்த ட்ரொப்பிக்கானா ஹோட்டலை நாங்கள் போவதற்கு மூன்று நாள் முன்னர் வெடிவைத்துத் தகர்த்திருந்தார்கள்; இடிபாட்டுக் குவியலைத்தான் கண்டோம். அந்த நகரத்துக்கு எழுதப்படும் எந்த வழிகாட்டியிலும் முதலில் திகதியைப் பாருங்கள். 2023இல் திறந்த 'ஸ்பியர்' என்ற பிரமாண்டக் கோளத்துக்குள் படம் பார்த்தோம். இளையவர்களுக்கு மெத்தப் பிடித்தது. எனக்குத் தலை சுற்றியது.

கடைசி இரவு பெலாஜியோ ஹோட்டலின் முன்னால், எட்டு ஏக்கருக்கு மேற்பட்ட குளத்தில், இசைக்கேற்ப நீர் எழும்பி ஆடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அதற்குக் கட்டணமில்லை. பாலைவனத்தில் இவ்வளவு தண்ணீரை வீணாக்குகிறார்களே என்று மகள் கோபித்தாள். நகரத்தின் குடிநீரில் இருந்து எடுப்பதில்லை, முன்னர் அங்கிருந்த கோல்ஃப் மைதானத்துக்குத் தண்ணீர் இறைத்த பழைய கிணற்றில் இருந்து வருகிறது என்று நான் படித்திருந்ததைச் சொன்னேன்.

சற்று நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு மகன் கேட்டான், என்னிடமல்ல. "எங்கட கிணறு இன்னும் ஊறுதோ?"

"போன மாசியில ஆள்விட்டு இறைப்பிச்சனான். நல்ல தண்ணி. உவர் இல்லை" என்றாள் மகள்.

அவள் ஆள்விட்டு இறைப்பித்தது எனக்கே தெரியாது.

காணி இன்னும் விற்கப்படவில்லை. விற்பதில்லை என்று முடிவாகவுமில்லை. பயணம் முடிந்து இரண்டு வாரங்களின் பின்னர் மகன் முழுச் செலவுக் கணக்கையும் தட்டச்சுச் செய்து தங்கைக்கு அனுப்பி, எனக்கு ஒரு பிரதி வைத்திருந்தான். வாடகை வானின் எரிபொருளில் 47 டொலர் பிழைக்கிறது, மறுபடி பார்க்கவும் என்று அன்றிரவே அவள் பதில் எழுதியிருந்தாள்.